அழுக்கில் கிடந்தாலும் சுடும்... கேட்காமலேயே சுடும்!

சேற்றில் போட்டு மிதித்தாலும் சுடும், பத்து வருஷம் துடைக்காமல் மூலையில் சாத்தி வைத்தாலும் சுடும், ராணுவச் சரக்கு என்றால் சும்மாவா! அமெரிக்காவில் பழைய எஸ்.கே.எஸ். ரைஃபிள் வைத்திருப்பவர்கள் மத்தியில் பல காலமாகப் புழங்கிவரும் பெருமை இது.

பெருமை பொய்யில்லை. அழுக்கில் கிடந்தாலும் அது சுடும்தான். என்ன சிக்கல் என்றால், சில சமயம் ட்ரிக்கரைத் தொடாமலேயே சுடும். சேஃப்டியைப் போட்டிருந்தாலும் சுடும். ஒரு தோட்டாவோடு நிற்காமல் மேகசின் காலியாகும் வரைகூடச் சுடும்!

இதற்கெல்லாம் காரணம் விரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்பு ஊசி. அதன் பெயர் ஃபயரிங் பின்.

துப்பாக்கி வைத்துக்கொள்வது சரியா, தவறா என்ற பெரிய சண்டையை இங்கே இழுக்க வேண்டியதில்லை. கையில் வைத்திருப்பவர் சுடச் சொல்லாதபோது ஒரு துப்பாக்கி சுடலாமா? இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பதிலைத்தான் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பதிலை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலையை மட்டும் யாரும் ஏற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை.

முதலில் கொஞ்சம் கதை

எஸ்.கே.எஸ். என்பது சோவியத் வடிவமைப்பாளர் செர்கெய் சிமோனோவ் இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் உருவாக்கிய ரைஃபிள். 7.62×39 மி.மீ. தோட்டா, 10 தோட்டா பிடிக்கும் மேகசின், அரைத் தானியங்கி. அதாவது ஒரு முறை ட்ரிக்கரை இழுத்தால் ஒரு தோட்டாதான் போக வேண்டும். சோவியத் ராணுவத்தில் 1949-இல் பயன்பாட்டுக்கு வந்தது. பிறகு சீனா 'டைப் 56' என்ற பெயரிலும், யுகோஸ்லாவியா எம்59, எம்59/66 என்ற பெயர்களிலும் செய்தன.

ஏ.கே.47 வந்த பிறகு இந்தத் துப்பாக்கிகளுக்கு மவுசு குறைந்தது. கிடங்குகளுக்குப் போயின. 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் சீனத் தயாரிப்புகள் அமெரிக்கச் சந்தையில் வந்து குவிந்தன. 100 டாலருக்கும் குறைவாகவே கிடைத்த காலம் அது. 1994-இல் கிளின்டன் அரசு சீனத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தியது. 2000-களில் யுகோஸ்லாவியச் சரக்கு வந்தது. ஆக, இன்றைக்கு அமெரிக்க வீடுகளில் இருக்கும் எஸ்.கே.எஸ்.களில் பெரும்பாலானவை இரண்டு மூன்று கை மாறியவை, கிடங்கில் பல வருஷம் தூங்கியவை.

தூங்கும்போது துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காக உள்ளும் புறமும் கெட்டியான கிரீஸைப் பூசி வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் அதைக் 'காஸ்மோலின்' என்பார்கள். புதிதாகப் பூசும்போது மெழுகு போல இருக்கும். பல வருஷம் கிடந்தால் இறுகி, அரக்கு போலப் பிடித்துக்கொள்ளும். கதையின் வில்லன் இதுதான். இன்னும் சரியாகச் சொன்னால், வில்லனின் அடியாள். வில்லன் யார் என்பது பின்னால் வரும்.

ஊசி செய்யும் வேலை

தோட்டாவின் அடியில் நடுவே சின்ன வட்டமாக ஒரு பிரைமர் இருக்கும். அதைப் பலமாகக் குத்தினால் தீப்பொறி கிளம்பும், உள்ளே இருக்கும் வெடிமருந்து எரியும், குண்டு பறக்கும். குத்துகிற வேலை ஃபயரிங் பின்னுடையது. ட்ரிக்கரை இழுத்தால் சுத்தியல் விடுபட்டு ஊசியின் பின்பக்கம் அடிக்கும், ஊசியின் முனை முன்னால் எட்டிப் பார்த்துப் பிரைமரைக் குத்தும்.

ஊசி இருப்பது போல்ட் என்கிற இரும்புக் கட்டைக்குள் துளைத்த ஒரு குழாயில். அழுத்தி எழுதும் பால்பாயின்ட் பேனாவை நினைத்துக்கொண்டால் போதும். பேனாவில் ரீஃபிலைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் இருக்கிறது, விட்டவுடன் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டால்? ரீஃபில் உள்ளே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். எஸ்.கே.எஸ். ஊசியும் இதே நிலையில்தான் இருக்கிறது. அதை உள்ளே இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் ஆரம்ப காலச் சோவியத் எஸ்.கே.எஸ்.களில் அந்த ஸ்பிரிங் இருந்தது! சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். பின்னால் வந்தவை, சீனத்தில் செய்தவை, யுகோஸ்லாவியாவில் செய்தவை எல்லாமே ஸ்பிரிங் இல்லாமல் ஆடுகிற ஊசியோடுதான் வந்தன.

ஊசி சுத்தமாக, லேசாக ஆடினால் பெரிய ஆபத்தில்லை. போல்ட் வேகமாக மூடும்போது ஊசி தன் வேகத்தில் முன்னால் வந்து பிரைமரை லேசாகத் தட்டும். சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவின் பிரைமரில் சின்னப் புள்ளியாக அந்தத் தட்டலின் தடம் தெரியும். அந்தத் தட்டலில் பிரைமர் வெடிக்காது. வெடிக்கக் கூடாது.

இப்போது அந்தக் குழாய்க்குள் இறுகிய கிரீஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது பித்தளைத் துகள், கரி, துரு. ஊசி முன்னால் வந்த நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது. முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. போல்ட் அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளிக்கொண்டு வேகமாக மூடுகிறது. நீட்டிய முனை பிரைமரில் போய் இடிக்கிறது.

டமார்!

ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்லாம் ஃபயர்' என்று பெயர். சுட்ட வேகத்தில் போல்ட் பின்னால் போய், அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்து மறுபடி மூடுகிறது. ஊசி இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தால் மறுபடி டமார். மேகசின் தீரும் வரை. குழலோ ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் மேலே ஏறிக்கொண்டே போகும். அடுத்த குண்டு எங்கே போகும் என்று யார் சொல்ல முடியும்? இன்னும் மோசமான நிலையும் உண்டு. போல்ட் முழுதாகப் பூட்டிக்கொள்வதற்கு முன்பே தோட்டா வெடித்தால், கூடு கிழிந்து நெருப்பும் உலோகமும் சுடுபவர் முகத்துக்கே வரும்.

"சேஃப்டி போட்டிருந்தால்?" என்று கேட்கலாம். எஸ்.கே.எஸ்.ஸின் சேஃப்டி தடுப்பது ட்ரிக்கரை மட்டும்தான். இங்கே ட்ரிக்கருக்கு வேலையே இல்லையே! வாசல் கதவைப் பூட்டிவிட்டு, கூரையைப் பிரித்து இறங்குபவனைத் தடுக்க முடியுமா?

பெருமையடிப்பவர்களின் வாதங்கள்

*ஒன்று: லட்சக்கணக்கான சிப்பாய்கள் பயன்படுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லையே?*

சிப்பாயின் துப்பாக்கியும் வீட்டு அலமாரித் துப்பாக்கியும் ஒன்றல்ல. சிப்பாய்க்குத் தலைக்கு மேல் ஓர் அதிகாரி இருக்கிறார். துப்பாக்கியைப் பிரித்து வைக்கச் சொல்லிச் சோதிப்பார். அதைவிட முக்கியம், ராணுவத் தோட்டாவின் பிரைமர். ஆடும் ஊசி இருக்கிறது என்று தெரிந்தே அதைக் கடினமாகச் செய்தார்கள். கடைகளில் விற்கும் சாதாரணத் தோட்டாக்களில் பல மென்மையான பிரைமர் கொண்டவை. லேசான தட்டலுக்கும் இளகக் கூடியவை. வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர்களுக்காக சி.சி.ஐ. நிறுவனம் 34, 41 என்ற எண்களில் ராணுவக் கடினத்தில் தனியாகப் பிரைமர் விற்கிறது. ஆபத்து கற்பனை என்றால் அதற்கென்று ஒரு சரக்கு எதற்கு?

ஆக, ராணுவம் மூன்று பூட்டுப் போட்டிருந்தது. கடினமான பிரைமர், சுத்தமான ஊசி, சோதிக்கும் அதிகாரி. சந்தைக்கு வந்தபோது முதல் பூட்டும் மூன்றாம் பூட்டும் கழன்றுவிட்டன. மிச்சம் இருப்பது சுத்தம் ஒன்றுதான். அதையும் "தேவையில்லை" என்று பெருமையாகச் சொல்வதை என்னவென்று சொல்வது?

*இரண்டு: நான் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்கிறேனே?*

எதை? பெரும்பாலானவர்கள் சுத்தம் செய்வது குழலை. குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுத்து, பளபளவென்று இருக்கிறது என்று திருப்திப்பட்டு, மேலாக எண்ணெய் தடவி வைத்துவிடுவார்கள். ஊசி போல்ட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கழற்றினால்தான் தெரியும். குழல் அழுக்கானால் குறி தப்பும், அவ்வளவுதான். ஊசி அழுக்கானால் தப்புவது குறி மட்டுமல்ல!

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஊசிக் குழாய்க்குள் எண்ணெயை ஊற்றி வைக்கிறார்கள், நல்லது என்று நினைத்து. எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிரில் கெட்டியாகும். கிரீஸை எடுத்துவிட்டு அதன் தம்பியைக் குடிவைத்த கதை.

*மூன்று: நல்ல துப்பாக்கி என்றால் சுத்தம் இல்லாமலேயே ஓட வேண்டும்!*

இந்த எண்ணத்துக்கு ஏற்கெனவே ஒரு தலைமுறை விலை கொடுத்திருக்கிறது. வியட்நாம் போரில் எம்16 ரைஃபிள் புதிதாக வந்தபோது, அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்ற பேச்சு பரவியது. சுத்தம் செய்யும் கருவிகள் போதிய அளவு தரப்படவில்லை. வெடிமருந்தையும் மாற்றியிருந்தார்கள், அறைக்குக் குரோம் பூச்சும் இல்லை. விளைவு, நடுச் சண்டையில் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்டு துணைக்குழு விசாரித்து ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. பிறகுதான் குரோம் பூச்சு வந்தது, கருவிகள் வந்தன, சிப்பாய்களுக்குப் படக்கதை வடிவில் ஒரு பராமரிப்புக் கையேடும் வந்தது. வரைந்தவர் புகழ்பெற்ற காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர்.

அதே எம்16-இலும் ஊசி ஸ்பிரிங் இல்லாமல் ஆடுவதுதான். 1960-களின் தொடக்கத்தில் போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும் பிரச்சினை தெரியவந்ததும், ஊசியின் எடையைக் குறைத்தார்கள், பிரைமர் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று வரையறையும் வைத்தார்கள். அதாவது குறை தெரிந்ததும் திருத்தினார்கள். கிடங்கிலிருந்து கிளம்பி வந்த எஸ்.கே.எஸ்.ஸை யார் திருத்தினார்கள்?

பொம்மைத் துப்பாக்கிக்கு ஒரு நியாயம்!

இப்போது வில்லனுக்கு வருவோம்.

அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1972-இல் வந்த சட்டத்தின்படி உருவானது. ரொட்டி சுடும் கருவி தீப்பிடித்தாலும், தொட்டிலின் கம்பி கழன்றாலும், விற்ற பொருளைத் திரும்பப் பெறு என்று நிறுவனத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி, துப்பாக்கியும் தோட்டாவும் இதில் சேராது!

காற்றுத் துப்பாக்கி சேரும். 2001-இல் இதே ஆணையம் டெய்சி நிறுவனத்தின் இரண்டு காற்றுத் துப்பாக்கி மாடல்கள் மீது நடவடிக்கை எடுத்தது. உள்ளே குண்டு சிக்கிக்கொண்டு, காலி என்று நினைத்தவர்களை ஏமாற்றுகிறது என்பது குற்றச்சாட்டு. 2003-இல் சமரசத்தில் முடிந்தது. ஆக, காற்றில் சுடும் துப்பாக்கிக்குள் சின்னக் குண்டு சிக்கினால் கேட்க அரசாங்கம் உண்டு. வெடிமருந்தில் சுடும் ரைஃபிளுக்குள் ஊசி சிக்கினால் கேட்க ஆள் இல்லை. இது என்ன நியாயம்?

கேட்க ஆள் இல்லாத இடத்தில் எல்லாப் பழியும் கடைசியில் இருப்பவர் தலையில்தான் விழும். "ஓனர் சுத்தம் செய்யவில்லை" என்ற ஒரு வாக்கியத்தில் வடிவமைத்தவர், இறக்குமதி செய்தவர், விற்றவர் எல்லாரும் கை கழுவிக்கொள்ளலாம்.

இந்த வாக்கியம் எவ்வளவு வசதியானது என்பதற்கு வேறொரு வழக்கே சாட்சி. ரெமிங்டன் 700 ரைஃபிளில் குறை ஊசியில் அல்ல, ட்ரிக்கரில் என்று குற்றச்சாட்டு. விசையைத் தொடாமலே சுடுகிறது என்று பல ஆண்டுகளாக வழக்குகள். பராமரிப்பு சரியில்லை, உரிமையாளர் எதையோ மாற்றியிருக்கிறார், கையாண்ட விதம் தவறு என்பதுதான் நிறுவனத்தின் பதிலாக இருந்தது. கடைசியில் 2014-இல், குறை எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே, சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கிய ஒரு சமரசத்துக்கு வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ட்ரிக்கரை இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டது.

பராமரிப்பு என்பது துப்பாக்கியைத் துடைக்கும் துணியாக இருக்க வேண்டும். பழியைத் துடைக்கும் துணியாக இருக்கக் கூடாது.

அதற்காக உரிமையாளர் தப்பிக்க முடியுமா?

முடியாது. விற்றவர் சொல்லவில்லை, சட்டம் கேட்கவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் குண்டு பாயும்போது பக்கத்தில் நிற்பவரிடம் அந்த நியாயம் எடுபடுமா?

தமிழ் வீட்டுச் சமையலறையில் யாரும் பெரிய இன்ஜினியர் இல்லை. ஆனாலும் குக்கர் மூடியைப் போடும் முன் வெயிட் வைக்கும் துளையில் பருக்கை அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து, ஊதிப் பார்க்காத அம்மா உண்டா? அந்தத் துளை அடைத்தால் என்ன ஆகும் என்று தெரியும், அதனால் பார்க்கிறார்கள். ஊசிக் குழாயும் அதே மாதிரித் துளைதான். என்ன ஆகும் என்று தெரியாததால் பார்க்காமல் விடுகிறார்கள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை:

1. துப்பாக்கி காலியா என்று மேகசினையும் அறையையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதி செய்ய வேண்டும். வேலை நடக்கும் அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது.

2. மேல் மூடியையும் ஸ்பிரிங்கையும் கழற்றிப் போல்ட்டை வெளியே எடுக்க வேண்டும். போல்ட்டின் பின்பக்கம் ஊசியைப் பிடித்து நிறுத்தும் குறுக்கு ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் ஊசி வெளியே வரும். வரவில்லை என்றால் கிரீஸ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துப்பாக்கி அதுவரை சுடாமல் இருந்தது அதிர்ஷ்டம்!

3. ஊசியில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும்போதே மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். மாட்டும்போதும் அதே பக்கம்தான். திருப்பி மாட்டினால் ஊசி சிக்கிக்கொள்ளும், சுத்தம் செய்ததே வினையாகிவிடும்.

4. ஊசியையும் போல்ட்டையும் மண்ணெண்ணெயிலோ மினரல் ஸ்பிரிட்டிலோ ஊற வைக்க வேண்டும், காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்குத் தூரமாக. குழாய்க்குள் மெல்லிய பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். துணி அழுக்கில்லாமல் வெளியே வரும் வரை.

5. பழைய ராணுவத் தோட்டா சுட்டிருந்தால் அதன் பிரைமர் உப்பை விட்டுவைத்திருக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். முதலில் வெந்நீர், பிறகு நன்றாகக் காயவைத்தல், பிறகே மற்றதெல்லாம்.

6. ஊசி முனை வழவழப்பாக, உருண்டையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடைந்தோ கூர்மையாகவோ இருந்தால் பிரைமரைத் துளைத்துவிடும். அரம் எடுத்துத் தேய்க்கும் வேலை வேண்டாம், புது ஊசி வாங்க வேண்டும், அல்லது தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும்.

7. குழாயை உலர்வாக விட வேண்டும். எண்ணெய் ஊற்றக் கூடாது.

8. மாட்டிய பிறகு போல்ட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 'கடகட' என்று சத்தம் கேட்க வேண்டும். முனையை மேலே பார்க்கப் பிடித்தால் ஊசி தானாக உள்ளே விழ வேண்டும். சத்தம் இல்லையா? திரும்பவும் 2-இலிருந்து.

9. அடுத்த முறை சுடும் இடத்துக்குப் போகும்போது முதலில் ஒன்று, பிறகு இரண்டு தோட்டா மட்டும் போட்டு, குழல் வாய் மண்மேட்டைப் பார்த்தபடி வைத்துச் சோதிக்க வேண்டும். தோட்டாவைக் கையால் அறைக்குள் வைத்துவிட்டுப் போல்ட்டை முழு வேகத்தில் விடக் கூடாது. சுடாத தோட்டாவை எடுத்துப் பிரைமரைப் பார்க்க வேண்டும். புள்ளி வழக்கத்தைவிட ஆழமாக இருந்தால் அன்றைக்கு மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

முழுதாகச் செய்தாலும் ஒரு சினிமா பார்க்கும் நேரம்கூட ஆகாது. எட்டாவதாகச் சொன்ன சோதனைக்கு அரை நிமிஷம். ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன் அதைச் செய்ய முடியாதவர் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஸ்பிரிங் எங்கே?

ஊசியை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கோடு கூடிய மாற்று ஊசிகளை அமெரிக்காவில் தனியார் செய்து விற்கிறார்கள். சிமோனோவின் முதல் துப்பாக்கிகளில் இருந்ததைப் பல பத்தாண்டுகள் கழித்து வாங்குபவரே தன் காசில் திரும்ப மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது! "ஸ்பிரிங் போட்டால் சில தோட்டா வெடிக்காமல் போகும், நம்பகத்தன்மை குறையும்" என்று அதற்கும் எதிர்ப்பு உண்டு.

இங்கேதான் மொத்தக் குழப்பத்தின் வேர் இருக்கிறது. நம்பகத்தன்மை என்றால் என்ன? சுட வேண்டும் என்றபோது சுடுவது பாதிதான். சுட வேண்டாம் என்றபோது சும்மா இருப்பது மீதிப் பாதி. முதல் பாதிக்கு மட்டும் மார்க் போட்டு, சேற்றில் புரட்டி, தண்ணீரில் முக்கிச் சோதித்து, கை தட்டுகிறார்கள். இரண்டாம் பாதிக்குப் பரீட்சையே கிடையாது. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் இலக்குப் பலகையில் ஒரு ஓட்டை குறையும். ஒரு தோட்டா தானாக வெடித்தால் ஓட்டை எங்கே விழும்?

பழைய துப்பாக்கியை விற்கும் ஒவ்வொரு கடைக்காரரும் போல்ட்டைக் கழற்றி, ஆட்டிக் காட்டி, அந்தக் 'கடகட' சத்தத்தை வாங்குபவர் காதில் கேட்க வைத்த பிறகே பணம் வாங்க வேண்டும். அதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை, யாருடைய உரிமையும் பறிபோகாது. அரை நிமிஷ வேலை. அதைக்கூடச் செய்யாமல் விற்பவரும், கேட்காமல் வாங்குபவரும், "சேற்றில் போட்டாலும் சுடும்" என்று மார்தட்டுவதை நிறுத்திக்கொள்ளட்டும்.

அந்தத் துப்பாக்கி சுடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்போது சுடும் என்பதை ட்ரிக்கரில் இருக்கும் விரல் முடிவு செய்ய வேண்டும். குழாய்க்குள் இருக்கும் அழுக்கு முடிவு செய்யக் கூடாது.